ஒரே மேசை, இரண்டு கல்: பண்டாரவளையில் ஒரு சோயா பர்கர் முயற்சி

சனிக்கிழமை பின்னேரம் வகுப்பு முடிந்து ஐந்து உயர்தரப் பிள்ளைகள் கடைக்கு வருவார்கள். நாலு பேர் மாட்டிறைச்சி பர்கர் கேட்பார்கள். ஐந்தாவது பிள்ளை பிளேன்டி மட்டும் குடிப்பாள். காலையில் லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு) ரொட்டி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவள், பின்னேரம் நாலு மணிக்கும் வெறுந்தேநீரோடு இருப்பாள். காசுப் பிரச்சினை இல்லை. ஒரு நாள் தம்பி, முட்டை பர்கராவது போட்டுத் தரட்டுமா என்று கேட்டான்.

"வேணாங்கண்ணே. அதே கல்லுலதானே போடுவீங்க?"

இலங்கை மலையகத்தின் பண்டாரவளை டவுனில் தம்பி நடத்துகிற ஆறு மேசைக் கடை அது. நான் பாடசாலையில் மனைப்பொருளியல் படிப்பிக்கிறேன், விடுமுறை நாட்களில் கடைச் சமையலறையில் நிற்பேன். 2023 ஆடியில் தொடங்கி ஏழு மாதம், மாட்டிறைச்சி பர்கருக்குப் பக்கத்தில் தாவரப் பொருட்களால் ஒரு பர்கர் செய்து விற்றுப் பார்த்தோம். எங்கே பிழைவிட்டோம், எதை மாற்றினோம், எது இன்னும் தீரவில்லை என்பதெல்லாம் இதில் இருக்கிறது. மலையகத்தில் சின்னக் கடை வைத்திருக்கும் வேறு யாருக்காவது உதவ வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஏன் அந்த வருடம்

2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருந்த இறைச்சியை இரண்டு தடவை குழி வெட்டிப் புதைத்தோம். அன்றிலிருந்தே, உறையவைக்கத் தேவையில்லாத ஏதாவது கிடைக்குமா என்று தம்பி தேடிக்கொண்டிருந்தான். அடுத்த வருடம் நடுப்பகுதியில் வடமேல் மாகாணத்து மாடுகளிடையே தோல் கழலை நோய் பரவியது. அந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனாலும் கட்டி கட்டியாக வீங்கிய மாட்டின் படத்தைப் போனில் பார்த்தவர்களிடம் அந்த விளக்கம் எடுபடவில்லை. சில வாரம் பர்கர் ஓடவே இல்லை.

இதைவிடப் பழைய காரணம் ஒன்றும் இருக்கிறது. பௌத்தரின் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் இறைச்சிக் கடை பூட்டியிருக்கும். செவ்வாய், வெள்ளியில் எங்கள் சனத்தில் பாதிப்பேர் கவுச்சி தொடமாட்டார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் மாலை, தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தால் காப்புக் கட்டு. இந்த நாட்களில் எல்லாம் கடையில் தேநீரும் பணிசும்தான்.

முதலில் பொலோஸ்

பொலோஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காயில் தொடங்கினோம். மசாலாவில் வேகவைத்து உதிர்த்தால் நார் நாராகப் பிரியும், கண்ணுக்கு இறைச்சி போலவே இருக்கும். முதல் சனிக்கிழமை எல்லோரும் புகழ்ந்தார்கள். இரண்டாவது வாரம், வகுப்பு முடிந்து கிரிக்கெட் விளையாடப் போகும் ஒரு பையன் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு டீச்சர், ஆனா ஆறு மணிக்கெல்லாம் திரும்பப் பசிக்குது."

அவன் சொன்னது சரி. பொலோஸில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2 கிராம் புரதம்தான் இருக்கிறது, அதே அளவு பச்சை மாட்டிறைச்சியில் 20 கிராம் அளவில். நாக்குக்கு மாற்று கிடைத்தது, வயிற்றுக்குக் கிடைக்கவில்லை. வளர்கிற பிள்ளைக்கு அதை ஒரு வேளைச் சாப்பாடாக விற்க எனக்கு மனம் வரவில்லை. பொலோஸை நிறுத்தினோம்.

அடுத்தது சோயா. மலையகத்தில் சோயா புதியவரவல்ல. தோட்டத்துக் கடை எதற்குப் போனாலும் சோயா மீட் பக்கெட்டுகள் சரமாகத் தொங்கும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவில் சோளத்தோடு கலந்திருப்பதும் சோயாதான். எண்ணெய் எடுத்த சோயா மாவைத் தண்ணீர் சேர்த்துச் சூட்டோடு அழுத்தி ஒரு துவாரத்தால் தள்ளுகிறார்கள். முறுக்கு உரல் மாதிரித்தான். வெளியே வரும்போது உள்ளே இருந்த நீர் சட்டென்று ஆவியாகி மா பொங்குகிறது, நாரும் துளையுமாக நிற்கிறது. காய்ந்த சோயா மீட்டில் பாதி எடை புரதம். மாதக்கணக்கில் அலுமாரியில் கிடக்கும், மின்சாரம் தேவையில்லை. தம்பிக்கு இதுவே பெரிய ஆறுதல்.

பிரச்சினை அதன் வாசனை. ஊறவைத்து அப்படியே போட்டால் பச்சைப் பயற்று நெடி அடிக்கும். உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பிழிந்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, திரும்பவும் பிழிய வேண்டும். இரண்டாவது பிழிவில்தான் அந்த மஞ்சள் நிறத் தண்ணீர் முழுதாக இறங்கும். பலர் சோயா மீட்டை வெறுப்பதற்குக் காரணம் அந்த இரண்டாவது பிழிவைச் செய்யாததுதான் என்பது என் முடிவு.

அடுத்தது, உதிராமல் பிடிக்க வேண்டும். முதலில் அவித்த உருளைக்கிழங்கு சேர்த்தோம், அது கட்லட்டாகிவிட்டது. கட்லட் நல்ல பண்டம், ஆனால் பர்கர் கேட்டு வந்தவருக்கு அது மெத்தென்று இருக்கிறது, பல்லுக்கு வேலையில்லை. கொழும்பிலிருந்து உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த உறைந்த தாவர பர்கர் பெட்டியில் பட்டாணிப் புரதம், தேங்காயெண்ணெய், மெதைல்செல்லுலோஸ் என்று எழுதியிருந்தது. மெதைல்செல்லுலோஸ் வினோதமான பொருள், சூடேறினால் இறுகும், ஆறினால் இளகும். பண்டாரவளையில் எங்கே போய் வாங்குவது? கோதுமை மாவைப் பிசைந்து அரை மணித்தியாலம் வைத்து, தண்ணீருக்குள் கழுவிக்கொண்டே போனால் மாச்சத்து பால் போலக் கரைந்து போய், கடைசியில் கையில் ரப்பர் மாதிரி ஒரு பசை மிஞ்சும். 200 கிராம் மாவிலிருந்து 60 கிராம் அளவில் கிடைக்கும். அதைச் சின்னதாகக் கிள்ளி சோயாவோடு சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி கடலை மா போட்டதும் பிடித்துக்கொண்டது. கழுவிய தண்ணீரை வீசவில்லை, சூப்புக்குப் போனது.

பீட்ரூட் சாறு

இந்த இடத்தில்தான் நாங்கள் பெரிய பிழை விட்டோம்.

மாட்டிறைச்சிக்கு மாற்று என்றால் மாட்டிறைச்சி போலவே இருக்க வேண்டும் என்று நினைத்தோம். இணையத்தில் படித்ததெல்லாம் அப்படித்தான் சொன்னது. அமெரிக்காவில் 2011இல் பட்ரிக் பிரவுன் தொடங்கிய இம்பொசிபிள் ஃபூட்ஸ், சோயா வேரில் இருக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தை மதுவத்தில் (ஈஸ்ட்) வளர்த்து எடுத்து, இரத்தம் போன்ற நிறமும் சுவையும் வரவைத்து 2016இல் பர்கரை வெளியே விட்டது. அதே வருடம் வந்த பியோண்ட் பர்கர் பீட்ரூட்டால் சிவப்பு ஏற்றியது. எங்களுக்கு வெலிமடை பீட்ரூட் கைக்கெட்டும் தூரத்தில். சாறு பிழிந்து கலந்தோம். வெட்டினால் நடுவில் சிவந்து ஈரம் கசிந்தது. தம்பி அதைப் படமெடுத்து வாசலில் ஒட்டினான்.

அந்த ஐந்தாவது பிள்ளை முதல் நாளே ஒன்று வாங்கி, பாதியைத் தாளில் சுற்றி அப்பாயிக்குக் கொண்டுபோனாள். அடுத்த சனிக்கிழமை வந்து நடந்ததைச் சொன்னாள். அப்பாயி பணிசைத் திறந்து பார்த்திருக்கிறார். விரலில் சிவப்பு பட்டிருக்கிறது.

"காய்னு சொல்ற, ரத்தமாட்டம் வடியுதே. எடுத்துட்டுப் போ புள்ள."

எழுந்து போய் பைப்பில் கையைக் கழுவிவிட்டு, அன்றைக்கு ராத்திரி அவர் எதுவும் சாப்பிடவில்லையாம்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு நெடுநேரம் மனது சரியில்லை. எழுபது வயதைத் தாண்டிய, மாட்டிறைச்சி தொடாமலே வாழ்ந்த ஒரு மனுசியின் கையில் இரத்தம் போன்ற ஒன்றை வைத்துவிட்டோம். இரத்தச் சிவப்பு அமெரிக்காவில் யாருக்குத் தேவைப்பட்டது? மாட்டிறைச்சியை ஆசையாகச் சாப்பிட்டு, அதை விட முயற்சி செய்பவருக்கு. எங்கள் கடையில் இந்தப் பர்கர் தேவைப்பட்டவர்களில் பெரும்பாலானோர் மாட்டிறைச்சியை ஒரு நாளும் தொடாதவர்கள். அவர்களுக்கு ஒற்றுமை கூடக் கூட அருவருப்புத்தான் கூடும். பீட்ரூட்டை அன்றே நிறுத்தினோம், படத்தையும் கிழித்தோம். வறுத்த கறித்தூளும் மிளகும் சேர்த்துக் கருஞ்சிவப்பான கறி நிறத்துக்கு மாற்றினோம்.

சுவைப் பரிசோதனையிலும் இதே சிக்கல் வந்தது. எது எதுவென்று சொல்லாமல் இரண்டையும் கொடுத்து ஒப்பிடச் சொல்வதுதான் வழக்கமான முறை. இங்கே அதைச் செய்யவே கூடாது. தெரியாமல் ஒருவர் வாயில் மாட்டிறைச்சி போனால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? ஆகவே ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தவர்கள் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் மட்டும். மற்றவர்களிடம், திரும்பவும் வாங்குவீர்களா என்று மட்டும் கேட்டோம்.

கொழுப்பு

எங்களுக்குப் பல வருடமாக இறைச்சி தருகிற நானாவைத்தான் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) முதல் நடுவராக வைத்தோம். அவருக்குப் போட்டியாக ஒன்றைச் செய்துவிட்டு அவரையே சாப்பிடச் சொல்வது சரியா என்று தம்பி தயங்கினான். நானா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒரு கடி கடித்து, மென்று, கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மகன், மசாலா எல்லாம் சரி. கொழுப்பு இல்லியே. கொழுப்பில்லாம வாசம் எங்கயால வாற?"

இறைச்சிக் கடைக்காரர் ஒரே வாயில் கண்டுபிடித்தார். சுவையைச் சுமந்து நாக்கில் பரப்புவது கொழுப்பு. எங்கள் தட்டையில் எண்ணெய் இருந்தது, ஆனால் திரவமாகக் கலந்திருந்ததால் கல்லில் வைத்த உடனே வழிந்து ஓடியது. உள்ளே காய்ந்த சோயாதான் மிச்சம். (பணிசுக்குள் வைக்கும் வட்டத்தைக் கடையில் தட்டை என்றுதான் சொல்கிறோம்.)

விடை அடுப்படித் தட்டிலேயே இருந்தது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். கொழும்பில் அது எப்போதும் தண்ணீர், எங்கள் ஊரில் விடியக்காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது. வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி நிற்கும். வாயகன்ற போத்தலில் ஊற்றி ராத்திரி யன்னலோரம் வைத்துவிட்டு, காலையில் கத்தி முனையால் சுரண்டினால் அரிசி மணி அளவில் உதிர்கிறது. மற்றதெல்லாம் பிசைந்து ஆறவைத்த பிறகு, கடைசியாக இந்தத் துணுக்குகளைத் தூவி மரக்கரண்டியால் இரண்டு புரட்டு மட்டும். கையால் பிசைந்தால் கைச்சூட்டிலேயே உருகிவிடும். வட்டமாகத் தட்டிய தட்டையைப் பார்த்தால் கறுத்த கறிக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், கொத்திய இறைச்சிக்குள் கொழுப்புத் தெரிகிற மாதிரியே.

மாட்டுக் கொழுப்பு 40 பாகைக்கு மேல்தான் உருகும், தேங்காயெண்ணெய் அதற்கு முன்னமே இளகிவிடும். அதனால் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தட்டை விழுந்ததும் சுர்ரென்ற சத்தம் வராவிட்டால் கல் போதாது. அடிப்பக்கம் முறுகித் தோல் கட்டினால் உருகிய கொழுப்பு உள்ளேயே தங்கும். தண்ணீர் வற்ற வதக்கிய சிப்பிக் காளானும் அரைத் தேக்கரண்டி மார்மைட் என்ற ஈஸ்ட் பசையும் சேர்ந்தபோது, இறைச்சியில் தேடுகிற அந்த ஆழமான சுவையும் வந்தது. நானா இரண்டாவது தடவை முழுதாகச் சாப்பிட்டார். மாட்டிறைச்சி என்று அவர் சொல்லவில்லை. "இது வேற சாமான். ஆனா நல்ல சாமான்" என்றார். எங்களுக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

90 கிராம் சோயா பக்கெட் ஒன்றில் ஐந்து தட்டை வருகிறது. பக்கெட்டோடு வரும் சுவைத்தூளைச் சேர்ப்பதில்லை. சோயாவில் 45 கிராம், கோதுமைப் பசையில் 15, கடலை மாவில் 4 என்று கூட்டினால் தட்டைக்கு 13 கிராம் அளவில் புரதம். அதே எடை இறைச்சியை விடக் கொஞ்சம் குறைவு, பொலோஸை விட எவ்வளவோ மேல். தட்டைக்கு 7 கிராம் தேங்காயெண்ணெய் போகிறது, அதில் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு. அதனால் உடம்புக்கு நல்லது என்று பலகையில் எழுத நான் விடவில்லை. கோதுமைப் பசை ஒத்துக்கொள்ளாதவர்களும் சோயா ஒவ்வாதவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அந்த இரண்டு பெயரையும் மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறோம்.

கல்லும் மாசியும்

இரண்டாவது கல்லை வாங்கியதுதான் இந்த முயற்சியிலேயே பயனுள்ள செலவு. கல், கரண்டி, எண்ணெய்ப் போத்தல், துணி எல்லாம் வேறு. வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் வைத்தோம், ஏனென்றால் நாங்கள் சொல்வதைவிட அவர்கள் பார்ப்பது பெரிது. கல் வந்த வாரமே, இதுவரை கடைக்குள் காலே வைக்காத இரண்டு குடும்பம் வந்து உட்கார்ந்தது.

ஆனால் அதற்கு முன் இரண்டு வாரம் நாங்கள் செய்தது தவறு. தாவர பர்கர் என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே சீனிச்சம்பல் வைத்துக்கொண்டிருந்தோம். சீனிச்சம்பலில் மாசி இருக்கிறது! அவ்வளவு பழகிப்போன பொருள், எங்கள் இருவருக்கும் அது மீன் என்றே தோன்றவில்லை. மாலை போட்டிருந்த ஒரு லொறி டிரைவர் அண்ணன் கேட்ட பிறகுதான் விளங்கியது. அவர் இன்னும் சாப்பிடவில்லை, அது தெய்வாதீனம். அதற்கு முன் வாங்கியவர்களில் அடையாளம் தெரிந்தவர்களிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மயோனெய்சில் முட்டை. பேக்கரியில் பணிசின் மேல் பூசும் மினுக்கம், அதுவும் முட்டை. பேக்கரிக்காரர் எங்களுக்கு மட்டும் பூசாமல் தர ஒத்துக்கொண்டார். இப்போது உள்ளே போவது மாசியில்லாத வெங்காயச் சம்பலும் புதினாச் சட்னியும் கரட், கோவாச் சீவலும்.

பிளேன்டி

என் தொழிலோடு சேர்ந்த கவலை இது.

கடையில் பர்கரும் பிளேன்டியும் ஒரு விலைக்குச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். மாட்டிறைச்சியில் உள்ள இரும்புச்சத்து ஹீம் வகை, உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். சோயாவில் உள்ளது வேறு வகை, சோயாவில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதையும் பிடித்துவைக்கும். அதன் மேல் தேயிலைச் சாயத்தின் பொலிஃபினோல்கள் சேர்ந்தால், உடம்புக்குப் போகும் இரும்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பிளேன்டி இல்லாத சாப்பாடு மலையகத்தில் ஏது? என் வகுப்புப் பெண்பிள்ளைகளில் கீழிமை வெளுத்து, படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்களை நான் அறிவேன். கொழுந்து எடுக்கும் அம்மாமாரிடையே குருதிச்சோகை எவ்வளவு பரவலானது என்பது எந்தத் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டாலும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், இறைச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோயாவையும் சாயத்தண்ணீரையும் சேர்த்து வைப்பது அநியாயம்.

அந்தச் சேர்ப்பு விலையில் பிளேன்டியை எடுத்துவிட்டு தேசிக்காய்த் தண்ணீர் வைத்தோம். விற்றமின் சீ அந்த இரும்பை உறிஞ்ச உதவும். கொய்யா மலிந்த நாளில் இரண்டு துண்டு கொய்யாவும் வைப்போம். தேநீர் வேண்டுமென்றால் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். கேட்கிறார்கள் என்று முழுதாகச் சொல்ல மாட்டேன், குளிர் அப்படி. பி12 விற்றமின் தாவரத்தில் கிடைக்காது. பாலும் முட்டையும் எடுக்கிறவர்களுக்கு அது கிடைக்கும். இரண்டையும் விட்டவர்கள் வைத்தியரிடம் கேட்டு மாத்திரை எடுக்கத்தான் வேண்டும்.

மாடு

சூழலுக்காக மாட்டிறைச்சியை விடச் சொல்வோருக்கு ஆதாரம் 2018இல் ஜோசப் பூர், தோமஸ் நெமெச்செக் இருவரும் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியிட்ட கணக்கு. 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவு அது. 100 கிராம் புரதத்துக்கு, இறைச்சிக்கென்றே வளர்த்த மாட்டில் சராசரி 50 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு வெளியேறுகிறது, டோஃபுவில் 2 கிலோ. அசைபோடும் வயிற்றில் புல் நொதிக்கும்போது உண்டாகும் மெதேன் இதில் பெரிய பங்கு. ஆனால் அதே கணக்கில் பால்மாட்டு மந்தையிலிருந்து வரும் இறைச்சிக்கு 17 தான். எங்கள் பக்கத்தில் லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு, வேலை முடிந்து புல் அறுத்து வந்து ஒன்றிரண்டு பசு வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பால் மறுத்த பசுவையும் காளைக் கன்றையும் கடைசியில் யாவாரியிடம்தான் கொடுக்கிறார்கள், அன்றைக்கு வீட்டில் அழுகையும் இருக்கும். ஆகவே 50 என்ற எண்ணை எடுத்து அப்படியே எங்கள் ஊர்க் கடைப்பலகையில் ஒட்டுவது சரியாகாது. 17க்கும் 2க்கும் உள்ள தூரமும் பெரிய தூரம்தான். 2020இல் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, யாருடைய சாப்பாட்டைக் குறிவைக்கிறார்கள் என்ற பயம் நானா போன்றவர்களுக்கு இருந்தது. எங்கள் கடையின் சோயா தட்டை அந்தக் கூட்டத்தில் சேர்வதை நான் விரும்பவில்லை. அவருடைய இறைச்சி இப்போதும் முதல் கல்லில் வேகிறது.

ஏழு மாதத்துக்குப் பிறகு

சனிக்கிழமை ஐந்து பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். நாலு பேரில் ஒருவன் சில நாள் சோயா கேட்பான், பெரும்பாலும் காசு குறைந்த நாளில். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களில் நிரந்தரமாக மாறியவர் யாருமில்லை. போயாவிலும் வெள்ளியிலும் இரண்டாவது கல் ஆறுவதே இல்லை. அப்பாயி மட்டும் நெடுநாள் தொடவில்லை. தை மாதத்தில் பேத்தி பணிஸ் இல்லாமல் தட்டையை மட்டும் கொண்டுபோய், அப்பாயி சுட்ட ரொட்டிக்குள் மடித்துக் கொடுத்திருக்கிறாள். உறைப்பு போதாது என்று சொன்னாராம். மிளகைக் கூட்டியிருக்கிறோம்.

கொழுப்பு விசயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் பண்டாரவளையிலும் எண்ணெய் உறைய மாட்டேனென்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் கல்லாக இறுகி, சுரண்டும்போது தூளாகப் பறக்கிறது. காலை ஆறு மணிக்கே சுரண்டி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஈரச் சாக்குச் சுற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். பத்து மணி வரை நிற்கிறது.